மண்ணைத் தேற்றுவது எப்படி: சாணத்துக்கு முன்னால் வேரைப் பாருங்கள்

மண் மாதிரியை உரச் சாக்கில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மேசைக்கு வரும் பைகளில் கணிசமானவை பொட்டாஷ் சாக்கிலிருந்து வெட்டித் தைத்தவை. தையலோரத்தில் நாலு குருணை ஒட்டியிருந்தால் போதும், நிலத்தில் இல்லாத சத்து அறிக்கையில் வந்துவிடும். வந்தவரும் "சாம்பல் சத்து நிறைய இருக்கிறதாம்" என்று சந்தோஷமாகப் போவார். இப்போது எனக்கும் நிலம் இருக்கிறது, சில கறவை மாடுகளும் ஆடுகளும் இருக்கின்றன. ஆனாலும் யாராவது மண்ணைப் பற்றி யோசனை கேட்டால் என் கண் முதலில் பைக்குத்தான் போகிறது.

பயிரும் வைத்து, கால்நடையும் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெறும் பயிர் மட்டும் செய்பவர்களுக்கும் பாதி பயன்படும்.

மாதிரி எடுப்பது

ஒரே நிறம், ஒரே சரிவு, ஒரே பயிர் உள்ள பகுதியை ஒரு வயலாகக் கணக்கில் வையுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்குச் சரிவாக வெட்டுங்கள். அந்தக் குழியின் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு துண்டு சீவி எடுங்கள். மேல்மண்ணை மட்டும் சுரண்டினால் கரிமம் (மண்ணில் மக்கிய பொருளில் இருக்கும் கார்பன்) கூடுதலாகத் தெரியும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம் எதுவும் வேண்டாம். மேய்ச்சல் நிலமாக இருந்தால், புல் மட்டும் கரும்பச்சையாகத் திட்டுத்திட்டாக நிற்கும் இடங்களையும் விட்டுவிடுங்கள். அது மாடு மூத்திரம் பெய்த இடம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். உரம் போட்ட சூட்டோடு மாதிரி எடுக்காதீர்கள்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) என்ற மூன்று வரிகளுக்கு ஓடுவார்கள். அதற்கு மேலே இருக்கும் மூன்றை முதலில் படியுங்கள். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான பயிருக்குத் தொந்தரவில்லை. 8.5ஐத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும், எரு கொட்டுவதால் மட்டும் அது தீராது. உப்பு நிலை மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குக் கீழே இருக்கட்டும். மூன்றாவது அங்ககக் கரிமம். இந்தியக் கூடங்களின் வரையறைப்படி 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் அதிகம். சில கூடங்கள் கரிமத்துக்குப் பதிலாக 'அங்ககப் பொருள்' என்று போடும். கரிமத்தை 1.724ஆல் பெருக்கினால் வருவது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "என் மண்ணில் கரிமம் கூடிவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடம்தான் மாறியிருக்கும்.

கூடத்தில் தெரியாததை மண்வெட்டி காட்டும்

கூடத்துக்கு வருவது இடித்துச் சலித்த மண். அதில் வேர் எங்கே திரும்பியது, தண்ணீர் எங்கே நின்றது என்பது தெரியாது. அதனால் அறிக்கையைவிடக் குழியை நான் அதிகம் நம்புகிறேன்.

மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத நாளில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் கொத்திக் கொத்திப் பிரித்துப் பாருங்கள். மண் சின்னச் சின்ன உருண்டைகளாக உதிர்ந்தால் நல்லது. தட்டையான தகடுகளாகப் பெயர்ந்தால் அங்கே இறுக்கம். பெரும்பாலும் கலப்பை வழக்கமாகப் போகும் ஆழத்துக்குச் சற்றுக் கீழேதான் அந்தத் தகடு இருக்கும். செடி ஒன்றைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். நேரே இறங்கிக்கொண்டிருந்த வேர் திடீரென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அந்த ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மண்ணை முகர்ந்தும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே காற்றோட்டம் இல்லை.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 செ.மீ. வருமாறு ஒரு கட்டி வெட்டியெடுத்து மண்புழுக்களை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. கோடையில் எண்ணிவிட்டு ஒன்றுமில்லை என்று கவலைப்படாதீர்கள், அப்போது புழு ஆழத்துக்குப் போயிருக்கும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. வயலிலிருந்து கோலிக்குண்டு அளவுள்ள மண்கட்டியை நன்றாகக் காயவைத்து, ஒரு கம்பி வலைத் துண்டின் மேல் வைத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக முக்குங்கள். பக்கத்திலேயே வரப்பிலோ வேலியோரத்திலோ பல காலம் உழாத புல்தரையிலிருந்து எடுத்த கட்டி ஒன்றையும் இன்னொரு டம்ளரில் முக்குங்கள். 5 நிமிடம் காத்திருங்கள். வயல் கட்டி கரைந்து அடியில் சகதியாகப் படிந்துவிடும், வேலியோரக் கட்டி அப்படியே நிற்கும். பல நிலங்களில் இதுதான் நடக்கும். மண் வகை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். மண் துகள்களைப் பிடித்து வைத்திருந்த வேரும், பூஞ்சை இழையும், அவை சுரந்த பசையும் ஓரிடத்தில் இருக்கின்றன, இன்னோரிடத்தில் இல்லை. பெரிய மழைத்துளி விநாடிக்கு 9 மீட்டர் வேகம் வரை தொடும். அந்த வேகத்தில் அடிபடும்போது உங்கள் வயலின் மேல்மண் என்னவாகும் என்பதை டம்ளர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

மண் வகை தெரியாதவர்கள் ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். 2.5 செ.மீ. போவதற்குள் அறுந்தால் பொலபொலப்பான மண், 5 செ.மீ. தாண்டியும் அறுபடாமல் நீண்டால் களி. களி மிகுந்த மண் கரிமத்தை இறுகப் பிடித்து வைக்கும், மணல் விட்டுவிடும். ஆகவே மணல்நிலத்தார் பக்கத்துக் கரிசல்காரரின் கரிம அளவைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

ஒரு கசப்பான கணக்கு

ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 சதவீதம் மட்டும் உயர்த்த வேண்டுமென்றால் 900 கிலோ கரிமம் நிலைத்து நிற்க வேண்டும். ஒரு டன் தொழுவுரத்தில் பாதி தண்ணீர். மீதி அரை டன்னில் கரிமம் 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு ஆண்டில் நுண்ணுயிர்கள் தின்றது போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் 50 கிலோ. அப்படியானால் 0.1 சதவீதத்துக்கு 18 டன் தொழுவுரம். இதற்கிடையில் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கரிமமும் சும்மா இருக்காது. 0.5 சதவீதம் உள்ள ஏக்கரில் 4,500 கிலோ கரிமம் இருக்கிறது. வெப்பமான, அடிக்கடி உழும் நிலத்தில் ஆண்டுக்கு அதில் 3 சதவீதம் கரைகிறது என்றே கொள்ளுங்கள், 135 கிலோ போய்விடும். அதை ஈடுகட்டி, இருந்த இடத்திலேயே நிற்கவே ஆண்டுக்கு 2 முதல் 3 டன் எரு வேண்டும்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் பிராட்பால்க் என்றொரு கோதுமை வயல் இருக்கிறது. 1843இல் தொடங்கிய சோதனை இன்னும் நடக்கிறது. அதில் ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டு வருகிறார்கள். அதன் கரிமம், ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்திகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. முதல் சில பத்தாண்டுகளில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதே நிலையத்தின் ஹூஸ்ஃபீல்டு வயலில் 1852 முதல் 1871 வரை எரு போட்டு, பிறகு நிறுத்திவிட்ட பாத்தி ஒன்றும் உண்டு. நூறாண்டுக்குப் பிறகும் அங்கே கரிமம் பக்கத்துப் பாத்தியைவிடக் கூடுதலாகவே இருந்தது. எரு வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எக்டேருக்கு 35 டன், அதுவும் ஆண்டுதோறும், யாரிடம் இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடு உரத்தை உண்டாக்குவதில்லை. தின்ற தீவனத்தில் பாதிக்கு மேல் செரித்துப் பாலாகவும் உடம்பாகவும் மூச்சாகவும் போய்விடும். மிச்சம்தான் சாணம். அந்தத் தீவனம் இன்னொரு வயலில் விளைந்தது. அந்த வயலிலிருந்து எடுத்து இந்த வயலில் போடுகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் நல்ல செய்தியும் உண்டு. தீவனத்தை அப்படியே மண்ணில் மடக்கி உழுதாலும், மாட்டுக்குப் போட்டுச் சாணத்தை மண்ணில் போட்டாலும், பல ஆண்டு கழித்து மண்ணில் நிலைத்து நிற்கும் கரிமத்தின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. எளிதில் மக்குவதை மண்ணில் நுண்ணுயிர் தின்றிருக்கும், இங்கே மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர் தின்றது. ஆக, பால் உங்களுக்கு இலவசம். சாணத்தை வீணாக்காமல் திருப்பிப் போட்டால் மட்டும்.

வேர்

பிறகு எங்கிருந்துதான் புதிதாகக் கரிமம் வரும்? வேரிலிருந்து. செடியின் தண்டையும் இலையையும்விட, வேரும் வேர்க்கசிவும் தரும் கரிமம் மண்ணில் அதிக விகிதத்தில் தங்குகிறது. அது மண் துகளோடு ஒட்டியே உண்டாகிறது, ஆழத்திலும் உண்டாகிறது. ஆண்டில் எத்தனை மாதம் உங்கள் நிலத்தில் பச்சை வேர் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து மாதம் என்றால், மீதி ஏழு மாதம் மண்ணில் இருக்கும் உயிர்கள் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் மாடு தன் மதிப்பைக் காட்டுகிறது. மாடு இல்லாதவர் வயலை இரண்டாண்டு புல்லுக்கும் பயறுக்கும் விட்டுவைக்க முடியாது, வருமானம் இருக்காது. மாடு வைத்திருப்பவருக்கு அந்தப் புல்லே வருமானம். அதனால் என் முதல் யோசனை இது: நிலத்தை நாலு அல்லது ஐந்து பகுதியாகப் பிரித்து, எப்போதும் ஒரு பகுதியைப் பல்லாண்டுத் தீவனப் புல்லும் பயறுவகைத் தீவனமும் கலந்து இரண்டு மூன்று ஆண்டு விடுங்கள். பிறகு அந்தப் பகுதிக்குத் தானியம் போகட்டும், அடுத்த பகுதிக்குப் புல் வரட்டும். தீவனத்துக்கென்று கடைசிப் பள்ளத்தையோ களர்த்துண்டையோ நிரந்தரமாக ஒதுக்கிவைப்பவர்கள் இந்தப் பயனை இழக்கிறார்கள். புல் சுற்றி வர வேண்டும்.

பயறு சேர்ப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். வேர்முடிச்சு காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும். ஆனால் முடிச்சு இருக்கிறது என்பதாலேயே அது வேலை செய்கிறது என்று ஆகாது. பூக்கும் சமயத்தில் இரண்டு மூன்று செடியைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்தப் பயறுக்கு ஏற்ற, முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா உங்கள் மண்ணில் இல்லை, அல்லது மண் வேறு ஏதோ குறையில் இருக்கிறது. அடுத்த முறை விதையில் ரைசோபியத்தைக் கலந்து விதைநேர்த்தி செய்து விதையுங்கள். தழைச்சத்து உரம் நிறையப் போட்ட வயலிலும் முடிச்சு சோம்பேறியாகிவிடும்.

இரண்டு பயிருக்கு நடுவே 45, 50 நாள் இடைவெளி கிடைத்தாலும் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துவிடலாம். தண்டு முற்றி நாராவதற்கு முன், பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் விட்டு அடுத்த பயிர். முற்றவிட்டால் அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும்.

இப்படி இடையில் மண்ணை மூட விதைக்கும் மூடுபயிரை மாட்டுக்கு மேய்க்கலாமா என்று கேட்பார்கள். மேய்க்கலாம், பாதியை மட்டும். சில எச்சரிக்கைகள்: இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும், முழங்கால் உயரச் சோளத்தில் மாட்டை விடவே கூடாது. இளம் பயறுத் தீவனத்தைப் பசியோடு வரும் மாடு வாரித் தின்றால் வயிறு உப்பிச் சாகக்கூடும். முதலில் வைக்கோலோ தட்டையோ போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு அவிழ்த்து விடுங்கள்.

மேய்ச்சல்

மேய்ச்சலில் கெடுப்பது மாட்டின் எண்ணிக்கையைவிட, மாடு அதே புல்லுக்குத் திரும்பி வரும் காலம். ஒரு புல்லைக் கடித்த பிறகு அது வேரில் இருக்கும் சேமிப்பை எடுத்துத்தான் புது இலை விடும். அந்த இளந்தளிர் மாட்டுக்கு மிகவும் பிடிக்கும். சேமிப்பு திரும்புவதற்குள் இரண்டாவது கடி விழுந்தால் வேர் சுருங்கும். பத்து மாடு ஒரு நாள் மேய்ந்து ஒரு மாதம் விட்ட இடம் தேறும், ஒரே மாடு முப்பது நாளும் சுற்றிக்கொண்டிருந்த இடம் தேறாது.

செய்முறை எளிது. மேய்ச்சல் நிலத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள், மின்வேலியோ கயிறோ எது முடியுமோ அது. ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள். புல்லின் உயரத்தில் பாதிக்கு மேல் போவதற்குள் மாற்றிவிடுங்கள். பாதி இலை போனால் வேர் வளர்ச்சி அதிகம் பாதிக்காது, 80 சதவீதத்துக்கு மேல் போனால் பல நாள் அப்படியே நின்றுவிடும். தரையோடு மேயவிடாததில் இன்னொரு லாபமும் உண்டு. குடற்புழுக்களின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடி 5 செ.மீ. உயரத்துக்குள்தான் இருக்கும். எத்தனை நாள் கழித்து மறுபடி விடுவது? நாள்கணக்கைக் காலண்டரில் எழுதி ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் மூன்று வாரத்தில் தேறும் புல், வறட்சியில் மூன்று மாதமும் எடுக்கும். புல் உயரம்தான் காலண்டர். தேறவில்லை என்றால் மாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீவனம் வெட்டிப் போடுங்கள்.

மழை பெய்து தரை சொதசொதவென்று இருக்கும் நாளில் களிமண்ணில் மாட்டை இறக்கவே கூடாது. குளம்பு அழுத்திய மண் காய்ந்ததும் கெட்டிப்பட்டுவிடும். அதே காரணத்தால்தான் தண்ணீர்த் தொட்டியையும் நிழலையும் ஒரே இடத்தில் வைத்துவிடக் கூடாது. மாடு எங்கே நிற்குமோ அங்கேதான் சாணமும் மூத்திரமும் விழும். மற்ற இடம் பட்டினி, அந்த இடம் மட்டும் அஜீரணம்.

மேய்ச்சல் மண்ணில் கரிமம் சேர்வதால் மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேன் சரிக்கட்டப்படுகிறது என்று பேசுகிறார்கள். நான் அந்தப் பேச்சில் சேர மாட்டேன். பிராட்பால்க்கில் பார்த்ததுபோல் மண் ஒரு கட்டத்தில் நிறைந்து நின்றுவிடும், மாடு ஏப்பம் விடுவதை நிறுத்தாது. மண்ணுக்கு நல்லது என்பதே நல்ல மேய்ச்சலுக்குப் போதுமான காரணம்.

கிடை போட, அதாவது இரவில் வயலிலேயே பட்டியில் அடைத்து வைக்க, ஆடு கிடைத்தால் விடாதீர்கள். மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும் முறை அது. பட்டியை ஒவ்வொரு இரவும் நகர்த்துங்கள், விடிந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டி மூடிவிடுங்கள்.

தொழுவத்தில் தொலைவது

மாடு கழிக்கும் தழைச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். பெரிய கறவை மாடு நாளுக்கு 10 லிட்டருக்கு மேல் மூத்திரம் பெய்யும். ஆனால் பெரும்பாலான தொழுவங்களில் சாணத்தைக் கூடையில் அள்ளிவிட்டு, மூத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். மதிப்புள்ள பாதியை ஓடவிட்டு மிச்சப் பாதியைத் தலைச்சுமையாகச் சுமக்கிறோம்.

தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் காரமாக ஏறும் நெடி அமோனியா. அது உங்கள் தழைச்சத்து, காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரியா, சாணத்தோடு சேர்ந்த சில மணி நேரத்தில் அமோனியாவாக மாறத் தொடங்கிவிடும். தடுக்க இரண்டு வழி. மாட்டின் பின்கால் பக்கம் நறுக்கிய வைக்கோலோ சருகோ தென்னைநார்க் கழிவோ தடிமனாகப் பரப்புங்கள், நனைந்ததை அன்றாடம் குழியில் சேருங்கள். அல்லது தரையைச் சற்றுச் சாய்த்து, சின்ன வாய்க்கால் விட்டு மூடிய தொட்டியில் பிடியுங்கள். பிடித்ததைப் பல மடங்கு தண்ணீர் கலந்து பாசன நீரோடு விடலாம். படுக்கையில் கொஞ்சம் ஜிப்சமோ சூப்பர் பாஸ்பேட்டோ தூவினால் நெடி குறையும்.

எருக்குழிக்குத் தேவை மேலே கூரை, கீழே கசியாத தரை. வெயிலும் மழையும் படத் திறந்துகிடக்கும் குவியலின் அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் சாம்பல் சத்து அதில் கரைந்து போகிறது. குவியல் எங்கே கிடந்ததோ அங்கே மட்டும் பூசணி காடாக மண்டும்.

மக்கவைக்கும்போது கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கட்டும். மாட்டுச் சாணம் மட்டும் ஏறத்தாழ 20, வைக்கோல் 60க்கு மேல், கோழி எரு 10 அளவில், மரத்தூள் சில நூறு. கோழி எருவைத் தனியாகக் குவித்தால் அமோனியாதான் மிஞ்சும், மரத்தூளைத் தனியாகக் குவித்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கலந்தால் வேலை நடக்கும். குவியல் எந்தப் பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. 55 முதல் 65 டிகிரி வரை ஏறி அங்கேயே சில நாள் நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் சாகும். சூடு இறங்கியதும் வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு கிளறி, மறுபடி ஏறவிடுங்கள். பச்சை எருவை நேராகப் போடுவதானால் காய்கறிக்கு மட்டும் கவனம். அமெரிக்க அங்கக விதிப்படி, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பாகவே போட்டு முடித்திருக்க வேண்டும், மற்றவற்றுக்கு 90 நாள். கீரைக்காரர்கள் இதை மனத்தில் வைக்கலாம்.

மக்கிய எருவை வயலில் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி வாரக்கணக்கில் காயவிடும் பழக்கம் எனக்குப் புரிந்ததே இல்லை. கொட்டிய அன்றே பரப்பி, அன்றே மண்ணோடு கலந்துவிடுங்கள்.

எருவோடு வரும் வேண்டாதவை

எரு என்றாலே தூய்மை என்று நினைக்க வேண்டாம். அமினோபைரலிட், குளோபைரலிட் வகைக் களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அந்த மருந்து சிதையாமல் வந்துவிடும். 2008இல் பிரிட்டனில் தோட்டம் போட்ட பலரின் தக்காளியும் அவரையும் சுருண்டுபோன பிறகு, அங்கே அமினோபைரலிட் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். வெளியிலிருந்து எரு வாங்கினால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றில் எரு கலந்த மண், மற்றதில் எரு கலக்காத மண், இரண்டிலும் அவரை விதை. மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் இலை கோப்பையாகச் சுருண்டால் அந்த எருவைத் திருப்பி அனுப்புங்கள்.

குடற்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் நல்ல மருந்து, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் அது வெளியேறிச் சாண வண்டின் புழுக்களைக் கொல்லும். வண்டு போனால் சாணம் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே வறட்டியாகக் காய்ந்து கிடக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்த உள்ளூர் வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகியவை, மாட்டுச் சாணத்தைத் தொடவில்லை. அதனால் 1960களிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மிடம் இருக்கும் வண்டை நாமே கொல்ல வேண்டாம். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் வழக்கமாகப் போடாமல், சாணப் பரிசோதனையில் புழு முட்டை கூடுதலாக உள்ள விலங்குக்கு மட்டும் போடுங்கள். போட்ட மாட்டை இரண்டு வாரம் மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வையுங்கள்.

பன்றி, கோழித் தீவனத்தில் சேர்க்கும் துத்தநாகமும் தாமிரமும் எருவில்தான் வந்து சேரும். பன்றிக் குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உழவைப் பற்றிக் கொஞ்சம்

உழாமல் விட்டால் கரிமம் மலையாகச் சேரும் என்பது மிகை. மேல் அடுக்கில் கூடும், கீழ் அடுக்கில் சில நேரம் குறையும். ஆனால் அந்த மேல் அடுக்கில்தான் மழை விழுகிறது, விதை முளைக்கிறது, ஆகவே உழவைக் குறைப்பதால் பயன் உண்டு. சுழல்கலப்பையை இரண்டு மூன்று சால் ஓட்டி மண்ணை மாவாக்குவதுதான் கட்டிகளைக் கொல்கிறது. உழலாமா என்று தெரிய, உழவு ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய கயிறாகத் திரிந்தால் ஈரம் அதிகம், டிராக்டரைக் கொட்டகையிலேயே விடுங்கள். பாரமான சக்கரம் முதல் தடவை ஏறும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது, அதனால் வண்டி எப்போதும் ஒரே தடத்தில் போகட்டும். முன்பு குறித்த ஆழத்தில் தகடு இருந்தால், மண் நன்கு காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அதற்குச் சற்றுக் கீழே ஓட்டி உடைத்து, உடனே ஆழவேர்ப் பயிர் ஒன்றை விதையுங்கள். வேர் புகாத வெடிப்பு அடுத்த மழையோடு மூடிக்கொள்ளும்.

வாசல் கணக்கு

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பண்ணை வாசல் வழியே உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதுங்கள். பால் ஒரு லிட்டரில் சுமார் 5 கிராம் நைட்ரஜனும் 1 கிராம் பாஸ்பரசும் இருக்கும். ஆண்டுக்கு 3,000 லிட்டர் கறக்கும் மாடு 15 கிலோ நைட்ரஜனையும் 3 கிலோ பாஸ்பரசையும் வெளியே அனுப்புகிறது. நெல் வைக்கோல் ஒரு டன் விற்றால் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் வண்டியேறுகிறது. மறுபக்கம், புரதம் 40 சதவீதம் உள்ள பிண்ணாக்கு ஒரு டன் உள்ளே வந்தால் 64 கிலோ நைட்ரஜன் வந்திருக்கிறது. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சாணத்திலும் மூத்திரத்திலும் இறங்கும். தொழுவத்தில் சரியாகப் பிடித்தால் அது யூரியாச் செலவில் பெரிய பகுதி.

நிலம் சிறிதாகவும் மாடு அதிகமாகவும், வெளித்தீவனத்தில் வளர்வதாகவும் இருந்தால் கணக்கு மறுபக்கம் சாயும். பயிருக்குத் தேவையான தழைச்சத்தை எருவிலேயே கொடுக்கப் பார்த்தால், பயிர் எடுப்பதைவிட அதிகமான மணிச்சத்து ஆண்டுதோறும் மண்ணில் தங்கும். அது மழையில் மண்ணோடு அடித்துப்போய்க் குளத்தில் பாசியை வளர்க்கும். அறிக்கையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்துவிட்ட வயலுக்கு எருவை நிறுத்திவிட்டு, தூரத்து வயலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குப் பக்கத்து வயலுக்கே ஆண்டுதோறும் எரு போவதற்கு மண் காரணமல்ல, வண்டிக்கூலிதான் காரணம்.

டம்ளர் சோதனையும் புழு எண்ணிக்கையும் ஓராண்டிலேயே மாற்றத்தைக் காட்டலாம். கரிமத்துக்கு மட்டும் மூன்று நான்கு ஆண்டு பொறுத்து, அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே கூடத்துக்கு அனுப்புங்கள்.